வயிற்றில் ஊமைக்காயம்: அறுவை நிபுணர் இல்லாத தோட்ட நகர மருத்துவமனையில் வரிசைப்படி செய்ய வேண்டியவை

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தெற்கே, நான்கு புறமும் செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிறு நகரத்து மருத்துவமனையில் வேலை செய்கிறேன். எங்களிடம் அறுவை நிபுணர் இல்லை, சி.டி. ஸ்கேன் இல்லை. பெரிய மருத்துவமனை உள்ள ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரப் பயணம். மாலை மழை பிடித்துக்கொண்டால் அதற்கும் மேல். ஒவ்வோர் ஆண்டும் வரும் இளம் மருத்துவர்களும் மருத்துவ உதவியாளர்களும் தாதியரும் ஒரே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

வெட்டுக்காயம் கண்ணுக்குத் தெரியும். தோல் கிழியாமல் உள்ளே படும் ஊமைக்காயம் பேசாது. எந்த உறுப்பு கிழிந்தது என்று கண்டுபிடிக்க இங்கே நேரம் செலவழிக்க வேண்டாம். உள்ளே ரத்தம் போகிறதா, இவரை எவ்வளவு சீக்கிரம் ஓர் அறுவை அறையில் சேர்க்க முடியும் என்ற இரண்டு கேள்விகள் போதும். உங்கள் மருத்துவமனையின் நெறிமுறை ஏதேனும் ஓர் இடத்தில் வேறுபட்டால் அதையே பின்பற்றுங்கள்.

1. பணி தொடங்கியதும் சரிபார்க்க வேண்டியவை

நோயாளி வந்த பிறகு தேடத் தொடங்கினால் பத்து நிமிடம் போய்விடும். பணிக்கு வந்தவுடன் ஐந்தை மட்டும் பாருங்கள். குளிர்ப்பெட்டியில் ஓ வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது, அதில் ஓ நெகட்டிவ் எத்தனை? அல்ட்ராசவுண்ட் கருவி மின்னேற்றம் ஆகியிருக்கிறதா? இடுப்பெலும்புப் பட்டை எங்கே? ரத்தப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்சாமிக் அமிலம் அவசர மருந்து வண்டியிலேயே இருக்கிறதா, மருந்தகத்தில் பூட்டியிருக்கிறதா? எந்த ஆம்புலன்ஸ் வெளியே போயிருக்கிறது, எப்போது திரும்பும்?

கடைசிக் கேள்வியைத்தான் பெரும்பாலோர் கேட்பதில்லை. இருக்கும் ஒரே வண்டி சிறுநீரக நோயாளியை ஏற்றிக்கொண்டு ஈப்போ போயிருந்தால், உங்கள் ஒரு மணி நேரப் பயணம் மூன்று மணி நேரமாகிவிடும். அது முன்கூட்டியே தெரிந்தால் அண்டை மருத்துவமனையின் வண்டியைக் கேட்கலாம்.

2. எப்படி அடிபட்டது, எப்போது அடிபட்டது

ஒருவர் கைகளால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே இன்னொருவர் இதைக் கேட்க வேண்டும். தோட்டத்தில் நடக்கும் விபத்துகளுக்கு ஒரு சாயல் உண்டு. செம்மண் பாதையில் மோட்டார் சைக்கிள் சறுக்கிக் கைப்பிடி வயிற்றில் குத்துவது. மேட்டில் சிறு டிராக்டர் கவிழ்ந்து ஓட்டுநரை அழுத்துவது. உயரமான மரத்திலிருந்து இருபது கிலோ குலை முதுகிலோ விலாவிலோ விழுவது. குலை ஏற்றிய லோரியின் பின்னே அமர்ந்து வந்து தூக்கி எறியப்படுவது. காரில் வந்தவரானால் பெல்ட் எங்கே அழுத்தியது என்று பாருங்கள். அடிவயிற்றின் குறுக்கே பெல்ட் தழும்பு இருந்தால் குடலும் குடலைத் தாங்கும் மடிப்பும் கிழிந்திருக்கலாம், முதுகெலும்பும் முறிந்திருக்கலாம்.

அடிபட்ட நேரத்தைக் கடிகார நேரமாக எழுதுங்கள். "காலையில்" என்பது போதாது. ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்துக்கு மூன்று மணி நேர வரம்பு உண்டு. அந்த வரம்பு எப்போது தொடங்கியது என்பது தெரிந்தாக வேண்டும்.

இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத் தொழிலாளர்களுக்கு மண்டோர் எனப்படும் மேற்பார்வையாளர்தான் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர். அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் வலி எங்கே என்பதை நோயாளியின் கையாலேயே காட்டச் சொல்லுங்கள். நம் தமிழ்த் தொழிலாளர்களிடம் இன்னொரு சிக்கல். ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலையில், "ஒன்றுமில்லை டாக்டர், லேசான அடிதான்" என்பார்கள். அந்தச் சொல்லை நம்பி நான் ஒருமுறை ஏமாந்தேன். அதைக் கீழே சொல்கிறேன்.

மறக்காமல் கேட்க வேண்டியவை: ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா, ரத்த அழுத்தத்துக்கு நாடியைக் குறைக்கும் மாத்திரை உண்டா, குடிப்பழக்கம் உண்டா, பெண்ணானால் கருவுற்றிருக்கிறாரா.

3. வயிற்றில் தொடங்காதீர்கள்

வயிற்றில் அடி என்று சொல்லிக் கொண்டுவருவார்கள். புதியவரின் கை நேராக வயிற்றுக்குப் போகும். வெளியே பீறிடும் ரத்தம், மூச்சுவழி, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு என்ற வரிசையை இங்கும் மாற்றக் கூடாது. வயிற்றுக்குள் ரத்தம் போகிறவர் சற்று நேரம் தாங்கக்கூடும். மூச்சு அடைத்தவர் தாங்கமாட்டார். கழுத்தெலும்பைக் காத்துக்கொண்டே இதைச் செய்யுங்கள்.

மூச்சைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வயிற்றின் மேற்பகுதியில் பலத்த அடி விழுந்தால், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்து குடல் இடது நெஞ்சுக்குள் ஏறியிருக்கலாம். நெஞ்சுக்குழாய் போட வேண்டியிருந்தால் கூரான கம்பியைக் குத்தாதீர்கள். துளையில் விரலை விட்டுத் தடவிப் பார்த்த பிறகே குழாயைச் செலுத்துங்கள்.

ரத்தம் இழந்து அதிர்ச்சி நிலையில் (ஷாக்) இருப்பவருக்கு அவசரமாக மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாய் போடுவது இன்னொரு பிழை. அவரது ரத்த நாளங்கள் இறுகி நின்றுதான் அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. மருந்து அதைத் தளர்த்தியதும் இதயம் நின்றுவிடக்கூடும். மூச்சுவழி திறந்திருந்தால் முதலில் ரத்தம், பிறகு குழாய்.

துணியைக் கத்தரித்து நீக்குங்கள். முதுகையும் பாருங்கள். பார்த்தவுடன் கம்பளியால் மூடுங்கள். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையாது. வெயில் நாட்டிலும் குளிரூட்டிய அறையில் நனைந்த தொழிலாளி விரைவாகக் குளிர்ந்துவிடுவார்.

இடுப்பெலும்பை இரு கைகளாலும் அழுத்தி ஆட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உறைந்து நின்ற ரத்தத்தை அது மறுபடி கிளப்பிவிடும். சந்தேகம் இருந்தாலே பட்டையைக் கட்டுங்கள். பட்டையின் நடுப்பகுதி தொடையெலும்பின் புறமேடு இருக்கும் மட்டத்தில் வர வேண்டும். இடுப்புவார் கட்டும் உயரத்தில் கட்டினால் பயனில்லை. நான் பார்த்தவற்றில் பாதி அப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. பட்டை இல்லாவிட்டால் மடித்த படுக்கைவிரிப்பே போதும்.

4. எண்களைச் சேர்த்துப் படியுங்கள்

நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில் குலை வெட்டும் தொழிலாளி ஒருவர் தானே நடந்து வந்தார். மோட்டார் சைக்கிள் கைப்பிடி இடது விலாவின் கீழ் குத்தியிருந்தது. நாடி 108. ரத்த அழுத்தம் 118/92. ஹீமோகுளோபின் 13.6. வயிறு மென்மையாக இருந்தது. "நிலையாக உள்ளார்" என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனேன். ஒன்றரை மணி நேரத்தில் கழிப்பறைக்குப் போக எழுந்தவர் சாய்ந்துவிட்டார். மண்ணீரல் கிழிந்திருந்தது. அவர் பிழைத்தார். நான் இழந்த அந்த ஒன்றரை மணி நேரம் இன்றும் என்னை உறுத்துகிறது.

தனித்தனியாகப் பார்த்தால் அந்த எண்கள் ஏறக்குறைய இயல்பானவை. சேர்த்துப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் இடையே 26 மட்டும்தான். நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்தால் 0.9ஐத் தாண்டுகிறது. இரண்டுமே உள்ளே ரத்தம் போவதற்கான எச்சரிக்கை.

எழுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். அதில் 30 விழுக்காடு, அதாவது ஒன்றரை லிட்டர் போகும்வரை மேல் அழுத்தம் பெரும்பாலும் விழாது. உழைத்து இறுகிய இளம் உடல் இன்னும் நன்றாக மறைக்கும். அழுத்தம் விழுவதற்காகக் காத்திருப்பவர் மிகவும் தாமதித்துவிடுகிறார்.

ஹீமோகுளோபினும் ஏமாற்றும். முழு ரத்தமாகவே வெளியேறுவதால், மிச்சமிருக்கும் ரத்தத்தின் அடர்த்தி முதல் மணி நேரத்தில் அவ்வளவாக மாறாது. முதல் அளவை ஒப்பீட்டுக்காக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். லாக்டேட் (உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் குறைந்தால் ஏறுவது) பார்க்க முடிந்தால் அதை நம்பலாம்.

ரத்தம் ஒளிந்துகொள்ளும் இடங்கள் மார்பு, வயிறு, இடுப்பெலும்பின் பின்புறம், தொடை, வெளியே தரை. மற்ற நான்கையும் விலக்கிவிட்டால் மிஞ்சுவது வயிறு. விலா எலும்பு 9 முதல் 12 வரை இடப்புறம் வலித்தால் மண்ணீரலையும், வலப்புறம் வலித்தால் கல்லீரலையும் நினையுங்கள். அடி படாத இடது தோள்பட்டை வலிக்கிறது என்றால் அதை ஒதுக்காதீர்கள். உதரவிதானத்தின் அடியில் ரத்தம் தேங்கினால் வலி அங்கே தெரியும்.

5. இப்போதே தொலைபேசி

புதியவர்கள் இந்தப் படியைக் கடைசியில் வைக்கிறார்கள். எக்ஸ்ரே வரட்டும், ரத்தப் பரிசோதனை வரட்டும், எல்லாம் தெரிந்த பிறகு பேசினால் திட்டு வாங்காமல் தப்பலாம் என்ற எண்ணம். அறுவை அறை தயாராகவும் வண்டி கிளம்பவும் ஆகும் நேரம் உங்கள் அழைப்பிலிருந்துதான் தொடங்குகிறது. சந்தேகம் வந்த பத்தாவது நிமிடத்தில் பேசுங்கள்.

முதல் வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்று சொல்லுங்கள்: "வயிற்றுக்குள் ரத்தப்போக்கு என்று சந்தேகிக்கும் ஒருவரை அனுப்ப வேண்டும்." அதன்பின் வயது, அடிபட்ட நேரம், எப்படி, கண்ட காயங்கள், நாடியும் அழுத்தமும் மூச்சும் நினைவும், இதுவரை கொடுத்தவை. மலாயில் பேசினாலும் ஆங்கிலத்தில் பேசினாலும் வரிசை இதுதான். ஒரு நிமிடத்தில் முடிய வேண்டும். "ஸ்கேன் என்ன சொல்கிறது?" என்று கேட்டால், "பார்த்துக்கொண்டிருக்கிறோம், மறுபடி அழைக்கிறேன்" என்று சொல்வதில் தவறே இல்லை.

எங்களுக்குத் தெலுக் இந்தானும் எட்டும் தூரம், ஈப்போவும் எட்டும் தூரம். எது அருகில் என்பதைவிட எங்கே அறுவை அறையும் நிபுணரும் இப்போது காலியாக இருக்கிறார்கள் என்பதே முக்கியம். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியை அங்கே திருப்புங்கள்.

6. ஊசி, ரத்தம், மருந்து

கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய கேனுலா (ரத்த நாளத்தில் செருகும் ஊசிக்குழாய்). சாம்பல் நிறமோ ஆரஞ்சு நிறமோ. காலில் போடாதீர்கள். அடிவயிற்றில் பெருநாளம் கிழிந்திருந்தால் காலில் ஏற்றுவது இதயத்தை அடையாமல் வயிற்றிலேயே கொட்டிவிடும். இரண்டு முறை முயன்றும் கிடைக்காவிட்டால் மேற்கை எலும்புக்குள் ஊசி போடுங்கள். அதே குத்தில் ரத்தவகை, பொருத்தப் பரிசோதனை, ரத்த அணுக்கள், சிறுநீரகம், உறைதல் ஆகியவற்றுக்கு மாதிரி எடுங்கள். கருவுறும் வயதுப் பெண் எவரானாலும் கருப்பரிசோதனை கட்டாயம்.

சலைனை லிட்டர் கணக்கில் ஊற்றுவதுதான் நான் அதிகம் காணும் பிழை. அது ரத்தத்தை நீர்க்கச் செய்கிறது, உடலைக் குளிர்விக்கிறது, உருவாகிவந்த உறைகட்டியைத் தள்ளிவிடுகிறது. வெதுவெதுப்பான திரவம் 250 மி.லி. கொடுத்துப் பாருங்கள், மறுபடி பாருங்கள். மொத்தம் ஒரு லிட்டரைத் தாண்டாதீர்கள். அதற்குள் ரத்தம் கைக்கு வந்துவிட வேண்டும். முழுப் பொருத்தப் பரிசோதனைக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சாய்ந்துகொண்டிருப்பவருக்கு அவ்வளவு நேரம் இல்லை. ஓ வகையைத் தொடங்குங்கள். ஓ நெகட்டிவ் பைகளைப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் வைத்துக்கொண்டு, ஆண்களுக்கு ஓ பாசிட்டிவ் கொடுக்கலாம்.

மேல் அழுத்தத்தை 80 முதல் 90 வரை கொண்டுவந்தால் போதும். மணிக்கட்டில் நாடி தெரிந்து, நோயாளி பேசினால் அதுவே இலக்கு. ஓட்டை அடைபடாத குழாயில் அழுத்தம் ஏற்றினால் ஒழுகல்தான் கூடும். தலையிலும் அடிபட்டிருந்தால் இந்த விதி பொருந்தாது. மூளைக்கு ரத்தம் வேண்டும். அங்கே 110க்குக் குறையக் கூடாது.

ட்ரானெக்சாமிக் அமிலம் ஒரு கிராமைப் பத்து நிமிடத்தில் ஏற்றி, அடுத்த ஒரு கிராமை எட்டு மணி நேரத்தில் சொட்டாகக் கொடுங்கள். 20,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு, இது உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. எவ்வளவு முன்னால் கொடுக்கிறோமோ அவ்வளவு பயன். அடிபட்டு மூன்று மணி நேரம் கடந்துவிட்டால் தொடங்காதீர்கள். அதன் பிறகு தீங்கே மிஞ்சுகிறது. தோட்டத்தின் உட்பகுதியிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு மணி நேரம் வழியிலேயே போயிருக்கும், எனவே நம்மிடம் இந்த மருந்து காத்திருக்கக் கூடாது. சில பை ரத்தம் ஏற்றிவிட்டால் கால்சியம் குளுக்கோனேட்டும் சேருங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்த்துள்ள சிட்ரேட், உடலின் கால்சியத்தைக் கட்டிவிடுகிறது. கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது.

7. ஸ்கேன்: எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது

படுக்கையருகே அல்ட்ராசவுண்ட் கருவியால் செய்யும் ஃபாஸ்ட் ஸ்கேன் ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லும்: வயிற்றறையிலோ இதய உறையிலோ நீர் தேங்கியிருக்கிறதா? கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் இடையே முதலில் பாருங்கள். அங்கே கல்லீரலின் கீழ்முனை வரை கருவியை நகர்த்துங்கள். சிறிதளவு ரத்தம் முதலில் தெரிவது அங்கேதான். புதியவர்கள் நடுப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிறகு மண்ணீரலைச் சுற்றி, அதன் மேலே உதரவிதானத்தின் அடியிலும். பிறகு அடிவயிறு, இதயம், இரு நுரையீரல்கள்.

அடிவயிற்றைப் பார்த்து முடிக்கும்வரை சிறுநீர்க்குழாய் போடாதீர்கள். நிறைந்த சிறுநீர்ப்பைதான் அங்கே நமக்குச் சாளரம்.

ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்றால் காயம் இல்லை என்று பொருளல்ல. சில நூறு மி.லி. சேர்ந்த பிறகே அது தெரியும். குடல் ஓட்டை, கணையம், சிறுநீரகம், பின்வயிற்று ரத்தக்கட்டு ஆகியவற்றை இது காட்டாமல் விடலாம். அரை மணி நேரம் கழித்தும், நிலை மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி பாருங்கள்.

நீர் தெரிந்தால் அது ரத்தம்தானா? நம் ஊரில் இந்தக் கேள்வி தேவை. டெங்கிக் காய்ச்சலில் ரத்த நாளங்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும். மலிவான சம்சு குடித்துக் கல்லீரல் கெட்டவருக்கும் அப்படியே. விபத்துக்கு முன் காய்ச்சல் இருந்ததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆனால் அடிபட்டவரின் நாடி வேகமாக இருந்தால், வேறு நிரூபணம் கிடைக்கும்வரை அதை ரத்தமாகவே கொள்ளுங்கள். டெங்கியில் ரத்தத் தட்டுகள் குறைந்தவருக்குச் சிறு கிழிசலும் நிற்காமல் ஒழுகும்.

8. குழாய்களும் வலிமருந்தும்

சிறுநீர்த்துளையில் ரத்தம் தெரிந்தால் குழாய் போட வேண்டாம். முகமும் மண்டையும் உடைந்திருந்தால் வயிற்றுக்குழாயை வாய்வழியே போடுங்கள்.

வலிமருந்து கொடுத்தால் வயிற்றின் அறிகுறி மறைந்துவிடும் என்ற பழைய நம்பிக்கை இன்னும் போகவில்லை. வலியில் இறுகிய வயிற்றைவிட வலி தணிந்த வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது எளிது. ஃபென்டனில் 25 முதல் 50 மைக்ரோகிராம், அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துக் கொடுங்கள். வலியில் துடிக்கிறவரைக் காரணம் சொல்லிக் காக்க வைப்பது கொடுமை.

9. யார் போக வேண்டும், யார் இருக்கலாம்

நாடி வேகமாக இருந்து, ஸ்கேனில் நீரும் தெரிகிறவர் உடனே போக வேண்டும். அவருக்கு எக்ஸ்ரே வேண்டாம். வழியில் வேறெங்காவது சி.டி. எடுத்துப் போகலாம் என்ற யோசனையும் வேண்டாம்; அழுத்தம் நிலைக்காத நோயாளியை அந்தக் கருவிக்குள் தள்ளக் கூடாது.

நிலையாக இருந்து, ஸ்கேனில் நீர் தெரிகிறவரைப் பற்றித்தான் குழப்பம் வருகிறது. கத்தியில்லாமலே மண்ணீரல், கல்லீரல் கிழிசல்கள் பல ஆறிவிடுகின்றன என்று படித்திருப்பார்கள். உண்மைதான். ஆனால் நிபுணரும் சி.டி.யும் ரத்த வங்கியும் எந்நேரமும் அறுவை அறையும் இருக்கும் இடத்தில்தான் அப்படிக் காத்திருக்கலாம். நம்மிடம் அவை இல்லை. எனவே அவரும் போக வேண்டும். பெல்ட் தழும்பு, வயிறு இறுகல், சிறுநீரில் ரத்தம், குறையாத வலி, குடியால் தெளியாத நினைவு ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும் அனுப்புங்கள்.

சிறுவர்கள் ரத்தம் நிறையப் போகும்வரை அழுத்தத்தைக் காத்து, திடீரென விழுவார்கள். சைக்கிள் கைப்பிடி பதிந்த வட்டத் தழும்பு கணையத்தையும் முன்சிறுகுடலையும் நினைவூட்ட வேண்டும். வாந்தி மறுநாள்கூடத் தொடங்கலாம். ரத்தம் கொடுத்தால் கிலோவுக்கு 10 மி.லி. கருவுற்று இருபது வாரம் கடந்தவரை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள். கருப்பை பெருநாளத்தை அழுத்தாமல் இருந்தால்தான் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். ஓய்வுபெற்ற முதிய தொழிலாளி இதய மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் நாடி வேகமெடுக்காது. 80 என்ற எண் அவருக்கு ஆறுதல் அல்ல.

10. வண்டியில்

கிளம்பும் முன் எல்லாக் குழாயையும் ஒட்டுங்கள், எல்லா ஊசியும் ஓடுகிறதா என்று பாருங்கள். பயண நேரத்தின் இரு மடங்குக்கு ஆக்சிஜன், பெட்டியில் ரத்தம், அழுத்தப் பை, கம்பளி. மூச்சுக்குழாய் போடவும் ரத்தம் ஏற்றவும் தெரிந்தவரே உடன் போக வேண்டும். நுரையீரலிலிருந்து காற்று கசிகிறது என்ற சந்தேகம் இருந்து, மூச்சுக்கருவியில் போகிறவராக இருந்தால், நெஞ்சுக்குழாயை இங்கேயே போட்டு அனுப்புங்கள். ஓடும் வண்டியில் அதைச் செய்ய முடியாது. கிளம்பியதும் அங்கே ஒருமுறை அழைத்து, வந்து சேரும் நேரத்தைச் சொல்லுங்கள்.

11. இங்கே இருப்பவரும், தாள்களும்

லேசான அடி, இயல்பான எண்கள், இருமுறை ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்றால் தங்க வைக்கலாம். முதல் மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அடுத்து அரை மணிக்கு ஒருமுறை, பிறகு மணிக்கு ஒருமுறை பாருங்கள். முடிந்தவரை ஒரே ஆள் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும்; மாற்றம் அவர் விரலுக்குத்தான் தெரியும். நான் குறைந்தது 12 மணி நேரம் வைத்திருப்பேன். வீடு தோட்டத்தின் உட்பகுதியில் என்றால் ஒரு முழு நாள். குடல் ஓட்டை மறுநாள்தான் காய்ச்சலும் வயிறு இறுகலுமாக வெளிப்படும்.

அனுப்பும்போது அவர் மொழியில் எழுதிக் கொடுங்கள்: தலைசுற்றல், தோள்வலி, வயிறு வீக்கம், வாந்தி, காய்ச்சல் இருந்தால் 999ஐ அழைக்க வேண்டும், இரண்டு வாரம் குலை தூக்கக் கூடாது. வாயால் மட்டும் சொன்னால் மறுநாளே வேலைக்குப் போய்விடுவார். தோட்ட அலுவலகக் கிராணியிடமும் ஒரு பிரதி கொடுத்தால் வேலை மாற்றிக் கொடுப்பார்.

குறிப்பேட்டில் எங்கே, எந்த வேலையில், எத்தனை மணிக்கு அடிபட்டது என்று தெளிவாக எழுதுங்கள். 2019 சனவரி 1 முதல் வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக்காயப் பாதுகாப்பு உண்டு. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும் அதில் சேரக்கூடும். "கீழே விழுந்தார்" என்று ஒரு வரி எழுதி முடித்தால், பிறகு இழப்பீடு கேட்டு அலைகிற குடும்பத்தின் கையில் எந்தச் சான்றும் இருக்காது. மண்ணீரலை எடுத்துவிட்டுத் திரும்பி வருகிறவரின் அட்டையில் தடுப்பூசிகள் போடப்பட்டனவா என்று பாருங்கள். நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃபுளூயன்சா பி) ஆகிய கிருமிகளுக்கு எதிரான மூன்றும் அறுவைக்குப் பின் ஏறத்தாழ 14 நாளில் தொடங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் அன்றே ஏற்பாடு செய்யுங்கள். காய்ச்சல் வந்த அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று அவருக்கும் வீட்டாருக்கும் சொல்லி அனுப்புங்கள்.